நிழற்படம் தராத பகுதி

வார நாட்களில் அலுவலகத்திலோ பட்டறையிலோ வகுப்பறையிலோ உழைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்தால் தூரிகையைக் கையில் எடுப்போர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பலர் உளர். ஓவியத்தால் இவர்களுக்கு வருவாய் இல்லை. வண்ணத்துக்கும் தாளுக்கும் செலவுதான் உண்டு. தாம் வாழும் ஊரின் ஆற்றையும் தெருவையும் கம்பத்தையும் தாமே நிழற்படம் பிடித்து, அப்படத்தை மேசைமீது சாய்த்து வைத்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் தீட்டுகின்றனர். இவர்தம் படங்கள் எங்கேனும் காட்சிக்கு வைக்கப்படும்போது, வருவோர் தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு. “நேரில் உட்கார்ந்து தீட்டியதா, நிழற்படத்தைப் பார்த்துத் தீட்டியதா?” என்பதே அது. நிழற்படத்தைப் பார்த்துத்தான் என்று விடை வந்தால், கேட்டவர் முகத்தில் ஒரு சிறு ஏமாற்றம் தோன்றும். பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து எழுதியவனைப் பிடித்துவிட்ட தேர்வாளரின் முகம் அது.

வினா நேர்மையானதே. ஆயின் அது தவறான இடத்தில் எழுப்பப்படுகிறது. ஓவியர் எதைப் பார்த்துத் தீட்டினார் என்பதைக் காட்டிலும், நிழற்படத்தில் இல்லாத எது ஓவியத்தில் வந்திருக்கிறது என்று கேட்பதே பொருத்தம். ஒன்றும் வரவில்லையாயின், நிழற்படத்துக்கே சட்டம் போட்டு மாட்டியிருக்கலாம், வண்ணமாவது மிஞ்சியிருக்கும்.

பழந்தமிழர் ஓவியத்தின் படிகளை நன்கு அறிந்திருந்தனர். தலைவனைப் பிரிந்து, அணிகலன்களைக் களைந்து, பாசறையிலிருந்து அவன் மீள்வதை எதிர்பார்த்திருக்கும் அரசியை நெடுநல்வாடை ‘புனையா ஓவியம்’ போன்றவள் எனக் காட்டுகிறது. கோட்டால் உருவத்தை மட்டும் எழுதி வண்ணம் தீட்டாது விடப்பட்ட படம் என்பது அதன் பொருள். உறுப்புகள் யாவும் உரிய இடத்தில் இருக்கின்றன. இனிமேல் வரவேண்டியது ஒன்று இருக்கிறது. ஓவியர்க்கு நிழற்படமும் இத்தகைய புனையா ஓவியமே ஆகும். அதில்தான் வண்ணம் இருக்கிறதே என்று சிலர் கூறலாம். இருக்கிறது, ஆயின் அது கருவி கண்ட வண்ணம். மதுரைக்காஞ்சி ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்று வழங்குகிறது. காண்பவர் கண்ணுக்குள் தம் தொழிலைச் செய்து முடிப்பவர் என்னும் குறிப்பு அப்பெயரில் அடங்கியிருக்கிறது. கருவியின் கண்ணுக்கும் மனிதன் கண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவர் அப்பெயருக்கு உரியவராதல் அரிது.

அவ்வேறுபாடு யாது? நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்நாடுகளில் நண்பகல் வெயில் தலைக்கு நேராக இறங்கும். அவ்வேளையில் பழைய கடைவீட்டு வரிசை ஒன்றை நிழற்படம் எடுத்தால், சுவர் வெளுத்துவிடும். வானம் நீலம் இழந்து வெற்றுத் தாளாகும். மக்கள் ‘அஞ்சடி’ என்று வழங்கும் கடைமுன் நடைபாதையோ கரிக்குழியாகிவிடும். வெயிலுக்கும் நிழலுக்கும் உள்ள ஒளி வேற்றுமை, கருவி தாங்கக்கூடிய அளவை மீறிவிடுவதே காரணம். அதே இடத்தில் நிற்கும் மனிதனின் கண்ணோ வெயிலை நோக்கும்போது சுருங்கி, நிழலை நோக்கும்போது விரிந்துகொள்கிறது. அஞ்சடிக்குள் அடுக்கியிருக்கும் சாக்கு மூட்டைகளையும், நாற்காலியில் சாய்ந்து விசிறிக்கொள்ளும் முதியவரையும், அவருக்குப் பின்னே சாமி மாடத்தில் எரியும் சிவப்பு விளக்கையும் அது காண்கிறது. பொழுதுபோக்கு ஓவியர் பலரின் கடைத்தெருப் படங்களில் அஞ்சடி கன்னங்கரேலென்று இருப்பதை எந்தக் கண்காட்சியிலும் பார்க்கலாம். அக்கருமையைத் தீட்டியவர் ஓவியர் அல்லர். அவர் கையைப் பிடித்துக் கருவி தீட்டிவிட்டது. இக்காலக் கைத்தொலைபேசிகள் ஒரே நொடியில் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி இக்குறையை மறைக்கின்றன. அப்போது நிழலும் வெயிலும் ஒரே தட்டுக்கு வந்துவிடுகின்றன. தெரு தெரிகிறது, வெப்பம் தெரியவில்லை.

தொலைவைக் காட்டுவதிலும் இதே கதைதான். கைத்தொலைபேசியின் வில்லை அகன்ற காட்சியை அடக்குமாறு அமைந்தது. ஆதலால் அருகிலுள்ளது பெருக்கும், தொலைவிலுள்ளது சுருங்கும். ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள் ஊரின்மேல் கவிந்து நிற்பனபோல் அங்குள்ளோர்க்குத் தோன்றும். அக்குன்றுகளைப் படம் பிடித்துப் பார்த்தால், முன்னே கரியதாய் விரிந்த சாலையும் பின்னே கறையான் புற்றுகள் போன்ற சில மேடுகளுமே மிஞ்சும். படத்தைக் கட்டம் போட்டுப் பெருக்குபவர் அந்தப் புற்றுகளையே அளவு பிசகாமல் தாளில் ஏற்றிவிடுகிறார். நண்பர்கள் படத்தைப் பார்த்து, “ஏதோ குறைகிறதே” என்பர். கோடு சரி, வண்ணம் சரி, மலையைத்தான் காணோம்!

இக்குறைகளை வென்றவர் எவரேனும் உண்டா என்னும் கேள்விக்கு, மேனாட்டு ஓவிய வரலாற்றில் விடைகள் கிடைக்கின்றன. அவற்றுள் பொழுதுபோக்கு ஓவியர்க்கு மிக நெருங்கியவர் ஆன்றி ரூசோ (1844–1910). பாரிஸ் நகரின் எல்லையில் சரக்குகளுக்குச் சுங்கம் வாங்கும் பணியில் 1871 முதல் 1893 வரை இருந்தவர். ஓவியப் பள்ளி எதிலும் பயிலாதவர். நகர்ப்புறத்துத் தெருக்களையும் ஆற்றங்கரையையும் ஓய்வு நேரத்தில் தீட்டத் தொடங்கியவரை அறிந்தோர் எள்ளி நகைத்தனர். 1908 இல் அவர் தீட்டிய ‘ழூனியேப் பெரியவரின் வண்டி’ என்னும் படம் இப்போது பாரிஸ் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரக்கறிக் கடை வைத்திருந்த அண்டைவீட்டார் தம் குடும்பத்துடன் குதிரை வண்டியில் உலாப் புறப்பட்ட காட்சி அது. நிழற்படம் ஒன்றையே அதற்கு ஆதாரமாகக் கொண்டார் ரூசோ. வண்டிக்கடியில் நிற்கும் நாய் அளவுக்கு மீறிப் பெரிதாய் இருக்கிறதே என்று அமெரிக்க ஓவியர் மாக்ஸ் வெபர் சுட்டிக் காட்டியபோது, அது அப்படித்தான் இருக்கவேண்டும் என்று ரூசோ மறுமொழி கூறியதாகச் சொல்வர்.

அம்மறுமொழியைப் பேதையின் பிடிவாதம் என்று ஒதுக்குவது எளிது. வண்டியும் குதிரையும் மனிதரும் மரங்களும் தத்தம் இடத்தில் உறைந்து நிற்கும் அப்படத்தில், அடியிலுள்ள கரிய நாயே முழுக் காட்சிக்கும் பாரமாய் நின்று படத்தைத் தரையோடு பிணைக்கிறது. உண்மை அளவுக்கு அதைக் குறைத்துவிட்டால் வண்டி காற்றில் மிதக்கும். நிழற்படம் அறியாத ஒன்றை ரூசோ அறிந்திருந்தார், அறிந்ததற்கு அஞ்சவில்லை. படத்தின் முன்வரிசையில் வைக்கோல் தொப்பியுடன் அமர்ந்திருப்பவர் அவரேதாம். நிழற்படத்தை ஆதாரமாகக் கொண்டவர் அதற்கு வெளியே நிற்காமல் உள்ளே ஏறி அமர்ந்துகொண்டார் என்பது சுவையான செய்தி.

மொரீஸ் உத்ரில்லோவின் (1883–1955) நிலைமை இன்னும் விந்தையானது. குடிப்பழக்கத்திலிருந்து மீட்கவே தாயார் சூசான் வாலதோன் அவர் கையில் தூரிகையைக் கொடுத்தார். பாரிஸின் மோன்மார்த்ர் குன்றுத் தெருக்களை அவர் பலமுறை தீட்டினார். பல படங்களுக்கு ஆதாரம் கடையில் விற்ற அஞ்சலட்டைப் படங்கள். தாமே எடுத்த நிழற்படங்கள்கூட அல்ல. இருந்தும் அவர் படங்களில் சுவர் சுவராகவே நிற்கிறது. காரணம், வெள்ளை வண்ணத்தோடு சுண்ணச் சாந்தைக் கலந்து அவர் சுவர்களைப் பூசினார். பிறந்து வளர்ந்து, குடித்து விழுந்து எழுந்த தெருவின் சுவர் எவ்வளவு சொரசொரப்பு என்பதை எந்த அஞ்சலட்டையும் அவருக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஆகவே நிழற்படத்தை எடுத்தவர் யார் என்பதைவிட, அந்தத் தெருவை அறிந்தவர் யார் என்பதே முதன்மை பெறுகிறது. தாமே படம் எடுத்த பொழுதுபோக்கு ஓவியர்க்கு உள்ள பேறும் இதுவே. கருவியின் பொத்தானை அழுத்திய நொடியில் அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

சர்ச்சிலையும் இவ்வரிசையில் சேர்ப்பர். (அரசியலில் இந்தியர் அவரை அன்போடு நினைக்கக் காரணம் குறைவு, அது வேறு வழக்கு.) 1915 இல் கடற்படை அமைச்சர் பதவியை இழந்த துயரில் ஓவியம் தொடங்கியவர், 1927 இல் வால்ட்டர் சிக்கர்ட்டிடம் நிழற்படங்களைத் திரைச்சீலையில் ஒளியாக வீழ்த்தி உருவெழுதும் முறையைக் கற்றார். உருவம் எழுதுவதில் கை பழகாதவர்க்கு அம்முறை ஊன்றுகோல். ஊன்றுகோலோடு நடப்பவர் ஓடுவதில்லை. கென்ட் பகுதியில் தம் சார்ட்வெல் இல்லத்துப் பொன்மீன் குளத்தை 1932 இல் அவர் தீட்டிய படத்தில், நீரின் ஆழமும் செடியின் பச்சையும் ஒன்றோடொன்று குழைந்து வருகின்றன. உருவெல்லையை நச்சியிருந்த கையில் அத்தளர்ச்சி வந்திராது. ஓவியம் பற்றி எழுதிய கட்டுரையில் அவரே நினைவாற்றலின் பங்கை வலியுறுத்தியிருக்கிறார். திறந்தவெளியில் தீட்டுபவரும் காட்சியிலிருந்து கண்ணை எடுத்துத்தான் சீலையைப் பார்க்கிறார். இடையே உள்ள சில நொடிகளில் அவர் கையை நடத்துவது நினைவே. நேரில் தீட்டியவர் சில நொடி நினைவைத் தீட்டுகிறார். நிழற்படத்திலிருந்து தீட்டுபவர் சில வார நினைவையோ சில ஆண்டு நினைவையோ தீட்டுகிறார். வேறுபாடு அளவில்தான்.

சில ஆண்டுகள் என்பது சிங்கப்பூரில் நெடுங்காலம். இவ்விடத்தில்தான் இந்தப் பேச்சு கலைஞர்களின் சில்லறை வழக்கு என்னும் நிலையைக் கடந்துவிடுகிறது. லிம் செங் ஹோ (1912–1979) என்னும் நீர்வண்ண ஓவியரை எடுத்துக்கொள்வோர் இதனை எளிதில் உணர்வர். சீனாவின் அமோயில் பிறந்து, சிறுவயதில் சிங்கப்பூர் வந்து, ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் ரிச்சர்ட் வாக்கரிடம் ஓவியம் பயின்றவர் அவர். பிழைப்புக்கு எழுத்தர் வேலை. ஞாயிறுதோறும் நண்பர்களோடு சிங்கப்பூர் ஆற்றங்கரை. 1969 இல் சிங்கப்பூர் நீர்வண்ண ஓவியச் சங்கம் தோன்றியபோது அதை நிறுவியோருள் ஒருவர். தேசியக் கலைக்கூடம் 2018 இல் அவர் படங்களுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது. அவருடைய ஆற்றுப் படங்களில் வெயில் படும் இடத்தைப் பல வேளைகளில் தீட்டாத தாளே காட்டுகிறது. படகுகள் ஈரத்தோடு ஈரமாய் இழுத்த சில வீச்சுகளில் நிற்கின்றன. நேரில் தீட்டியவர் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அவருக்குக் கிட்டிய வாய்ப்பு அவருக்குப் பின் வந்தவர்க்குக் கிட்டவில்லை. 1977 இல் ஆற்றைத் துப்புரவாக்கும் பெரும்பணி அறிவிக்கப்பட்டது. 1983 இல் சரக்குப் படகுகள் யாவும் ஆற்றைவிட்டுப் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. 1987 இல் பணி நிறைவேறிற்று. நூற்றாண்டுக்கு மேலாக அரிசியும் ரப்பரும் மிளகும் ஏற்றி இறக்கிய ஆறு, மீன் வாழும் தூய நீர்நிலையாயிற்று. அது பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயின் 1983 க்குப் பிறகு, சரக்குப் படகுகள் நெருங்கி நின்ற போட் கீயைத் தீட்ட விரும்புபவர்க்கு நேரில் உட்கார இடமில்லை. கையிலிருக்கும் பழைய நிழற்படமே அவருக்கு ஆறு. தமிழ் வாசகர்க்கு இது பிறர் செய்தியும் அன்று. அவ்வாற்றின் தொடக்ககாலப் படகோட்டிகளுள் சூலியர் எனப்பட்ட தென்னிந்திய முஸ்லிம்கள் பெரும்பங்கினர். ஆற்றுக்கு அருகே மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்த செட்டியார் கிட்டங்கிகளும் இன்று இல்லை. கணக்குப் பெட்டியும் பாயும் விரித்த அந்த நீண்ட கூடத்தை எவரேனும் இனித் தீட்டுவதாயின், நிழற்படமின்றித் தீட்டல் இயலாது.

ஆகவே பொழுதுபோக்கு ஓவியரின் மேசைமீது இருக்கும் பழைய படம் வெறும் துணைக்கருவி ஆகாது, சான்று ஆகிறது. அதிலிருந்து எழும் ஓவியத்தைப் பார்த்தே இளையோர் அக்காலத்து ஆற்றை அறியப்போகின்றனர். இங்கேதான் சில படங்கள் பெரும்பிழை இழைக்கின்றன.

ஒரு பிழை, சிவப்பு. 1970களில் கழுவி எடுத்த வண்ணப் படங்கள் ஆல்பத்துக்குள் நெடுநாள் இருந்தால், அவற்றின் நீலச் சாயம் முதலில் மங்கி, படம் முழுதும் செம்பழுப்பு ஏறிவிடுவது உண்டு. இவ்வேதியல் உண்மையை அறியாத ஓவியர், காலை பத்து மணிக்கு எடுத்த படத்தை மாலை வெயிலாக எண்ணித் தீட்டிவிடுகிறார். நிழல் குட்டையாய்ப் படகின் அடியிலேயே கிடக்கிறது. வானமோ பொழுது சாய்ந்தாற்போல் சிவந்திருக்கிறது. அழகுதான், ஆனால் அப்படி ஒரு பொழுது அந்த ஆற்றில் என்றும் இருந்ததில்லை. காண்போர் “பழைய நாட்களின் பொன்னொளி” என்று பாராட்டும்போது, அவர்கள் பாராட்டுவது அழிந்த சாயத்தை!

மற்றொரு பிழை இதற்கு நேர்மாறு. படத்தின் சிவப்பைத் திருத்த எண்ணியவர் ஆற்றை நீலமாக்கிவிடுகிறார். நீலத்தில் படகுகள் பளிச்சென்று நிற்கும்; விற்பனைக்கும் ஏற்றது. ஆனால் அன்றைய ஆறு கரியது. எண்ணெயும் குப்பையும் மிதந்தது. நாற்றத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடந்தவர் பலர். படகிலிருந்து கரைக்குப் போட்ட ஒற்றைப் பலகைமீது, முதுகில் மூட்டையோடு கூலிகள் இறங்கினர். பலகை வளைந்தது. நிழற்படத்தில் நாற்றம் இல்லை. பாரத்தின் வலியும் இல்லை. அங்கே நின்று படம் எடுத்தவர்க்கு அவ்விரண்டும் தெரியும். அவருமே ஆற்றை நீலமாகவும் பலகையை நேராகவும் தீட்டுவாரானால், தாம் அறிந்ததைத் தாமே மறுத்துரைக்கும் சாட்சி ஆகிறார். மூட்டைக்காரரின் கால்விரல் பலகையை எப்படிப் பற்றும் என்பதை ஒருவர் தவறாய்த் தீட்டினால், கற்பனைக் குறை என்று மன்னிக்கலாம். கண்டவரே அதை விட்டுவிடுவது வேறு வகைக் குறை.

தொல்காப்பியர் நிலக்காட்சியை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கு வாழும் மாவும் மரமும் மக்களும் அவர்தம் தொழிலும் கருப்பொருள். மக்கள் மனத்தின் ஒழுக்கம் உரிப்பொருள். நிழற்படம் நிலத்தை முழுமையாகத் தரும். கருப்பொருளையும் ஒன்றுவிடாமல் தரும். வேண்டாத மின்கம்பியையும் குப்பைத்தொட்டியையும் சேர்த்தே தரும். பொழுதில் ஒரு நொடியை மட்டும் தரும். உரிப்பொருளை அது தருவதில்லை. தர அதற்கு வழியும் இல்லை. நெய்தல் நிலத்தை எழுதிய புலவர் கடலை எழுதி அதோடு நின்றிருந்தால் அகப்பாட்டு உண்டாகியிராது. உரிப்பொருளாகிய இரங்கல் அவரிடமிருந்து வந்தது. போட் கீயைத் தீட்டுபவர் எந்த உணர்வோடு அங்கே நின்றார் என்பதும் அவரிடமிருந்துதான் வரவேண்டும்.

பிறர் எடுத்த படத்திலிருந்து அத்தாப்புக் குடில் தீட்டுவோர் தனி வகையினர். சிங்கப்பூர்த் தலைநிலத்தில் எஞ்சியுள்ள கம்பம் லோரோங் புவாங்கோக் ஒன்றே. கம்பத்தில் ஓரிரவும் தங்கியிராதவர், நாட்காட்டிப் படத்தைப் பார்த்துத் தென்னையும் குடிலும் சேவலும் தீட்டி ‘என் சிறுவயது’ என்று பெயரிடுகிறார். அதைக் குறித்து நெடிது பேசத் தேவையில்லை.

தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தின் கதை அதற்கு மாறானது. 2011 ஜூன் 30 அன்று அங்கிருந்து கடைசி ரயில் புறப்பட்ட பின் வந்த வாரங்களில், ஆயிரக்கணக்கானோர் நிழற்படக் கருவியோடு தண்டவாளத்தின் மீது நடந்தனர். அன்று எடுத்த படங்களிலிருந்து தீட்டப்படும் ஓவியங்களில் ஒரு பொதுக்குறை காணப்படுகிறது: ஆள் இல்லாத தண்டவாளம், இருபுறமும் பசுமை, தொலைவில் இரும்புப் பாலம். கூட்டத்தை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டுத் தனிமையைத் தீட்டியிருக்கின்றனர். தனிமை ஓவியத்துக்கு எளிதாய் வாய்க்கும். ஆனால் அன்று அங்கே இருந்தது தனிமை அன்று. பிள்ளைகளைத் தோளில் சுமந்துகொண்டு, மழைச் சேற்றில் வழுக்கிக்கொண்டு, விடைபெற வந்த பெருங்கூட்டம். அக்கூட்டத்தில் ஒருவராய் நின்றவர் தம் படத்தில் அதை அழித்துவிட்டால், மிஞ்சுவது எந்த நாட்டுத் தண்டவாளமாகவும் இருக்கலாம்.

குறை கூறுவது எளிது. செய்யத்தக்கது யாது என்று ஓவிய அன்பர் கேட்கலாம். செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்று உண்டு. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் 1869 இல் கட்டிய கேவனா பாலம் இன்னும் நிற்கிறது. இப்போது நடப்போர்க்கு மட்டும் திறந்திருக்கிறது. சிவந்துபோன பழைய படத்தை எடுத்துக்கொண்டு அப்பாலத்தின்மேல் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் நிற்கலாம். படகுகள் போய்விட்டன, நீரும் மாறிவிட்டது. ஆனால் கடைவீடுகளின் வரிசைமீது வெயில் ஏறும் திசை மாறவில்லை. மாலையில் ஓட்டுக் கூரையின் நிழல் அஞ்சடியின் எந்தத் தூண்வரை வருகிறது, மழைக்கு முன் சுவரின் வெண்மை எப்படிச் சாம்பலாகிறது, பாலத்தின் இரும்பு கைக்கு எவ்வளவு சுடுகிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ளலாம். பென்சிலும் சிறு தாளும் போதும். வீடு திரும்பியதும் படத்தை மேசைமேல் வைத்து, அன்று குறித்த தாளை அதற்குமேல் வைக்கவேண்டும்.